வீறாப்பும் விசுவாசமும்

அச்சத்தை ஒழித்தவன் வேறு. அச்சத்தை ஒளித்தவன் வேறு. எனினும், இருவரும் பேசும் சொற்கள் ஒன்றே. இருவரும் ஒரே மேடையில் நின்று ஒரே குரலில் முழங்கும்பொழுது, கேட்போர் இருவருக்கும் ஒரே அளவிற் கைதட்டுகின்றனர். சோதனை வந்த நாளிலன்றி இவ்விருவரையும் பிரித்தறிதல் அரிது. வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் இவ்வுண்மை காணப்படினும், சமயத் துறையில் இதனை மிகுதியும் ஆராய வேண்டியவர்களாயிருக்கிறோம். பிற துறைகளில் வீண்பெருமை பேசுவோன் தன் பெயரைப் பணயமாக வைத்துப் பேசுகிறான். சமயத்திலோ கடவுளின் பெயரைப் பணயமாக வைக்கிறான். தோற்றால் இழப்பு அவனுக்கு மட்டும் அன்று.

நாம் கிறிஸ்தவ சமயத்திற் பிறந்து வளர்ந்தவர். ஜோகூரில் செடெனாக் பக்கத்துத் தோட்டமொன்றிற் கிராணி வேலை பார்ப்பவர். பிற சமயத்தாரிடமும் இக்குறை உண்டெனினும், அயலான் முற்றத்தைப் பெருக்கப் புறப்படுமுன் நம் முற்றத்தைப் பெருக்குவதே முறையாதலின், நம் சமயத்தாரைப் பற்றியே ஈண்டுப் பேசுகிறோம். சமயமே வேண்டா என்னும் கொள்கையுடைய அன்பர்களும் இவ்விதழைப் படிப்பவர் என்பதை அறிவோம். அவர்களும் இதனைப் பொறுமையுடன் படிக்கலாம். கொள்கை யென ஒன்றை உடையார் அனைவருக்கும் பொதுவானதொரு நோயையே ஆராயப் புகுகின்றோம்.

வீறாப்பு என்பது யாது? தன்னிடம் இல்லாத துணிவை இருப்பதாகக் காட்டுவது என்பர். அவ்வளவே யன்று. தான் கொடுக்கவேண்டிய விலை இன்னதென்று எண்ணிப் பாராமல் ‘கொடுப்பேன்’ என்று வாக்களிப்பதே வீறாப்பு. ஆதலின் வீறாப்புப் பேசுவோன் எப்பொழுதும் பொய்யன் அல்லன். பேசும் நேரத்தில் தான் சொல்வதை அவன் மெய்யென்றே நம்புகிறான். அதன் அபாயம் அங்கேதான் இருக்கின்றது. பொய்யனுக்குத் தான் பொய்யன் என்பதாவது தெரியும். இவனுக்கோ அதுவும் தெரியாது.

கோபுரம் கட்டப் புகுவோன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசுநாதர் ஓர் உவமை சொன்னதாக லூக்கா எழுதுகிறார். கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு இவ்வுவமையில் தனிப்பற்று உண்டு. தம்மைப் பின்தொடர்ந்து வந்த பெருங்கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்ன சொல் அது என்பதை மறக்கலாகாது. கூட்டம் பெருகியது கண்டு அவர் மகிழ்ந்து ஆள் சேர்க்கவில்லை. கணக்குப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

இவ்வுண்மையை நாம் நூலிற் படித்து அறிந்தோமல்லோம், பட்டே அறிந்தோம். பத்தாண்டுகளுக்கு முன், நமக்கு இருபத்துநான்கு வயதிருக்கும்பொழுது, தோட்ட மண்டபமொன்றில் நடந்த எழுப்புதல் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், “இயேசுவுக்காக உயிர் கொடுப்பவர் யார்?” என்று வினவினார். முதலிற் கையுயர்த்தியவர் நாமே. கையுயர்த்தியது போதாதென்று மேடையேறி, சிங்கத்தின் வாயானாலும் சரி, வாளின் முனையானாலும் சரி என்று, பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிகளிற் பழகிய நாவன்மையெல்லாம் காட்டிப் பேசினோம். மண்டபம் அதிர்ந்தது. பெரியவர் பலர் நம் தலைமேற் கைவைத்து வாழ்த்தினர். அன்றிரவு மகிழ்ச்சியால் நமக்கு உறக்கம் வரவில்லை.

மூன்று வாரம் சென்றது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் மூதாட்டி ஒருவரின் கணக்கில் ஆறு மூட்டைகள் குறைக்கப்பட்டன. மூட்டைகள் நிறையவில்லை என்று மேலதிகாரி ஒருவர் சொன்னார். அவை நிறைந்தே இருந்தன, எண்ணியவர் நாமே. சம்பள நாளன்று அம்மூதாட்டி ஆபீஸ் சன்னலருகே வந்து, “கிராணி தம்பி, நீங்கதானே எண்ணுனீங்க?” என்று கேட்டார். மேலதிகாரி உள்ளே அமர்ந்திருந்தார். நாம் தலை நிமிராமல், “புத்தகத்தில இருக்கிறதுதான் கணக்கு, பாட்டி” என்றோம். அவர் சிறிது நேரம் நின்றார், பின் போய்விட்டார். சிங்கமும் வரவில்லை, வாளும் வரவில்லை. ஒரு மூதாட்டியின் கேள்விக்கு முன்னே நம் வீரம் அனைத்தும் அவிந்துபோயிற்று.

அன்று மாலை நம் நினைவிற்கு வந்தவர் பேதுரு. எல்லாரும் கைவிட்டாலும் தாம் கைவிடப்போவதில்லை யென்று இராப்போசனம் நடந்த இரவில் உறுதி கூறியவர் அவர். ஏனைய சீடரும் அவ்வாறே கூறினர் என்று மாற்கு எழுதுகிறார். வீறாப்பு எளிதில் தொற்றும் நோயன்றோ? அதே இரவில், தோட்டத்தில் வாளை உருவிப் பிரதான ஆசாரியனின் வேலைக்காரனாகிய மல்குஸ் என்பவனின் காதையும் பேதுரு வெட்டினார். ஆதலின் அவரைக் கோழை யென்று சொல்லுதல் பொருந்தாது. ஆயுதந்தாங்கிய கூட்டத்தின் முன் வாளெடுத்தவர், சில நாழிகைக்குள், முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு வேலைக்காரச் சிறுமி ‘நீயும் அவருடைய சீடன்தானே’ என்று கேட்டபொழுது, ‘அல்லன்’ என்று கூறினார். போருக்கு ஆயத்தமாயிருந்தவர் கேள்விக்கு ஆயத்தமாயிருக்கவில்லை. வாள் எடுப்பதற்கு ஒரு நொடி ஆவேசம் போதும். உண்மையைச் சொல்லிவிட்டு அதன் பயனை உட்கார்ந்து ஏற்பதற்கு வேறொரு வலிமை வேண்டும்.

இக்கதையில் நம் உள்ளத்தைக் கவர்வது மற்றொன்று. திருச்சபையின் முதல் தலைவருடைய இவ்விழிவை நான்கு சுவிசேஷங்களும் மறைக்காமல் எழுதிவைத்தன. மேலும், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் பேதுருவைக் கண்டு, ‘இவர்களைவிட நீ என்னிடம் மிகுதியாக அன்பு கொண்டிருக்கிறாயா?’ என்னும் கருத்துப்படக் கேட்டபொழுது, பழைய பேதுருவாயின், ‘ஆம், இவர்களெல்லாரையும் விட’ என்று முழங்கியிருப்பார். புதிய பேதுருவோ ஒப்பிடுதலை விட்டுவிட்டார். தம் அன்பு இன்னதென்று அவருக்கே தெரியும் என்று மட்டும் சொன்னார். தம்மை அளந்து பார்த்தவனின் சொல் அது. மந்தை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது அதன் பின்னரே.

ஆதித் திருச்சபையும் இவ்வேற்றுமையை நன்கறிந்திருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்று துருக்கி நாட்டில் இஸ்மிர் என வழங்கும் ஸ்மிர்னா நகரிற் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். அப்பொழுது குயிந்துஸ் என்பவன் தானே வலிய முன்வந்ததுமன்றி, வேறு சிலரையும் அவ்வாறு முன்வரத் தூண்டினான். கொடிய விலங்குகளைக் கண்ணாற் கண்டதும் நடுங்கி, ஆணையிட்டுப் பலி செலுத்திவிட்டான். அதே நகரின் அத்தியட்சராகிய முதியவர் பொலிகார்ப்போ, நண்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் ஒதுங்கியிருந்தார். பிடிக்க வந்த காவலர்க்கு உணவளிக்கச் செய்து, செபிப்பதற்குச் சிறிது நேரம் கேட்டுப் பெற்றார். கிறிஸ்துவைப் பழித்தால் விடுதலை என்றபொழுது, எண்பத்தாறு ஆண்டு தமக்குத் தீங்கு செய்யாதவரைத் தாம் பழிப்பதெங்ஙனம் என்று கேட்டு உயிர் நீத்தார். ஸ்மிர்னாச் சபையார் எழுதிய நிருபம் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கூறி, தாமே வலியச் சென்று அகப்படுவோரைத் தாம் புகழ்வதில்லை என்றும் தெளிவுறச் சொல்கின்றது. ஓடி ஒதுங்கிய முதியவர் நின்றார். ஓடி முன்வந்தவன் வீழ்ந்தான்.

பழங்கதை இருக்கட்டும். செடெனாக்கிலிருந்து தெற்கே சென்று பாலத்தைக் கடந்தால் வரும் சிங்கப்பூரில் நடந்ததொன்றைச் சொல்லுவோம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அப்பொழுது அங்கே ஆங்கிலிக்கன் சபையின் அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, இருந்தவர் லெனர்டு வில்சன் என்னும் ஆங்கிலேயர். ஜப்பானியப் படையிலேயே கிறிஸ்தவராயிருந்த ஒகாவா என்னும் அதிகாரியின் உதவியால் வில்சன் ஓராண்டளவு வெளியே ஊழியம் செய்ய முடிந்தது. 1943-இல் அவரும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், ஆஸ்திரேலியாவிலிருந்து இரகசியமாக வந்த ஒரு சிறு படையினர் துறைமுகத்துக் கப்பல்களுக்கு வெடிவைத்துத் தப்பிச் சென்றனர். இஃது உள்ளேயிருந்த கைதிகளின் சூழ்ச்சி என்று கருதிய கெம்பெய்த்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீஸ், அக்டோபர் 10 முதல் ஐம்பத்தேழு பேரைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று வதைத்தது. பதினைந்து பேர் மாண்டனர். அவர்களுக்கும் அவ்வெடிக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. கைதிகளின் உணவிற்காகப் பணம் திரட்டிய வில்சன் ஒற்றர்களுக்குப் பணம் கொடுத்தவராகக் கருதப்பட்டு, அம்மாதமே அவர்கள் கையிற் சிக்கினார். ஏறக்குறைய எட்டு மாதம் அவர் அந்நரகத்தில் இருந்தார்.

போர் முடிந்தபின், 1946-இல், வில்சன் பி.பி.சி. வானொலியில் தம் அனுபவத்தைப் பேசினார். அப்பேச்சைப் பற்றிப் படித்தபொழுது நாம் எதிர்பார்த்தது சிங்கத்தின் கர்ச்சனை. கண்டது வேறு. முதல் அடி பட்டபின், துணிவு வேண்டுமென்று செபிப்பதற்கே தாம் ஏறக்குறைய அஞ்சியதாக அவர் கூறினார். ஏனெனில், ஒரு நற்குணத்தைக் கேட்டால், அதனைப் பயிலும் வாய்ப்பையே கடவுள் விடையாகத் தருவார் என்று அவர் முன்பு படித்திருந்தார். துணிவைக் கேட்டால் மற்றுமோர் அடி வருமே என்று அஞ்சினாராம்! இதனை எந்த மேடை வீரனும் சொல்லமாட்டான். மண்டபத்தில் ‘உயிர் கொடுப்பேன்’ என்று நாம் கத்திய அன்று, அச்சொல்லைக் கடவுள் கேட்டுவிடுவார் என்ற எண்ணமே நமக்கு இருக்கவில்லை. வில்சன் கடவுள் கேட்பார் என்று உண்மையிலேயே நம்பினார். ஆகவேதான் சொல்ல அஞ்சினார். அவருடைய அச்சமே அவருடைய விசுவாசத்திற்குச் சான்று.

வதைத்தவர்கள், ‘உன் கடவுள் உன்னை ஏன் காப்பாற்றவில்லை?’ என்று கேட்டனர். இக்கேள்வி நாத்திகரும் ஆத்திகரும் ஒருங்கே கேட்கும் கேள்வி. காப்பாற்றுகிறார் என்றார் வில்சன். ஆனால் வேதனையை நீக்கி யன்று, அதனைத் தாங்கும் மனத்தைத் தந்து என்றார். பகைவரை மன்னித்தல் தமக்கு எளிதாக வந்தது என்றும் அவர் கூறவில்லை. அடிப்பவர் முகங்களைக் கண்டு மன்னிக்க முடியாமல், அவர்கள் ஒருகாலத்தில் தாய் தந்தையரின் அன்பில் மகிழ்ந்து விளையாடிய குழந்தைகளாய் இருந்ததை எண்ணிப் பார்த்தாராம். குழந்தைகளை வெறுத்தல் அரிதன்றோ? பிற்காலத்தில் அவரை வதைத்தோருள் ஒருவன் சிறைக்கைதியாக இருந்துகொண்டே ஞானஸ்நானம் பெற்றான். அவனுக்குத் திடப்படுத்தல் அளித்தவர் வில்சனே. மன்னிப்பு என்னும் கோபுரத்தை அவர் ஒவ்வொரு கல்லாகக் கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார் என்பது இதனால் விளங்கும்.

இனி, நம் கூட்டங்களின் நிலையை நோக்குவோம். ஐயம் எழுப்புகிறவனை அவிசுவாசி யென்று ஒதுக்கிவைப்பது நம்மவரிடையே வழக்கமாய்விட்டது. சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வதை விசுவாசக் குறைவென்று கருதி நிறுத்தியவர்களை நாம் கண்டிருக்கிறோம். மேடையில் அவர்களுக்குச் சாட்சி சொல்ல இடம் கிடைத்தது, கைதட்டும் கிடைத்தது. பிரசங்கியார் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். காலை இழந்தவர் இங்கேயே இருக்கிறார். பிறருடைய உடம்பைப் பணயம் வைத்து ஒருவர் பேசும் வீறாப்பிற்கு விசுவாசம் என்று பெயரிடுதல் பெரும் பிழை. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமையை வள்ளுவர் வீரத்தின்பாற் சேர்க்கவில்லை, அறியாமையின்பாற் சேர்த்தார்.

ஐயம் கொண்ட தோமாவை அவர் தோழர்கள் எவ்வாறு நடத்தினர் என்று பாருங்கள். தோமா சென்னைக்கருகே பரங்கிமலையில் உயிர் துறந்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஆதலின் தமிழ்க் கிறிஸ்தவர் அவரைத் தம்மவராகவே போற்றுவர். இயேசு ஆபத்தை நோக்கி யூதேயாவுக்குப் புறப்பட்டபொழுது, நாமும் அவரோடு சாகப் போவோம் என்றவர் அவரே. அது வீறாப்பன்று, போகுமிடம் இன்னதென்று கணக்குப் பார்த்துச் சொன்ன சொல். அவரே பின்னர், காயத்தைக் காணாமல் நம்பமாட்டேன் என்றார். அவ்வாறு சொன்ன பின்னும் எட்டு நாள் கழித்து அவர் சீடர்களோடே இருந்தார். ஒருவரும் அவரை வெளியேற்றவில்லை. இயேசுவும் வந்து அவர் கேட்ட சான்றையே காட்டினார். நம்பாததை நம்புவதாகச் சொல்ல மறுத்த அதே நேர்மைதான், சாவு வரும் என்று தெரிந்தும் உடன் புறப்படச் செய்தது. கேள்வியை அடக்கிவிட்டுத் துணிவை மட்டும் வளர்க்கலாம் என்று எண்ணுவோர் ஒரு வேரை வெட்டி அதன் கனியை எதிர்பார்க்கின்றனர்.

ஆனால், இவ்விடத்தில் ஒரு தடை எழும். ‘கணக்குப் பார்த்தல், யோசித்தல் என்பனவெல்லாம் கோழைகள் தேடும் சாக்கல்லவா? யோசிப்பவன் என்றைக்குச் செயலில் இறங்கப் போகிறான்?’ என்று கேட்பாரும் உளர். இத்தடை நியாயமானதே. இதற்கு நம்மினும் தக்க உதாரணம் வேண்டுவதில்லை. மூதாட்டியின் கணக்கைப் பற்றி நாம் ஐந்து வாரம் ‘யோசித்தோம்’. குடும்ப நிலையை யோசித்தோம். வேலை போய்விட்டால் என்ன செய்வதென்று யோசித்தோம். ஆறு மூட்டைதானே என்றும் யோசித்தோம். உண்மையில் அது யோசனையன்று. நல்ல உடை உடுத்திய அச்சம். விலையை எண்ணிப் பார்ப்பது கொடுப்பதற்காக, கொடாமலிருப்பதற்காக அன்று. செயலில் முடியாத யோசனையும் செயலில் முடியாத முழக்கமும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

வில்சனின் பேச்சைப் பற்றி நாம் படித்தது அந்நாட்களிலேதான். அஞ்சுவதாக ஒப்புக்கொள்ளலாம், அஞ்சிக்கொண்டே செய்யவும் செய்யலாம் என்பது நமக்கு அதனால் விளங்கிற்று. ஒரு திங்கட்கிழமை பெரட்டு முடிந்தபின் மேலதிகாரியின் அறைக்குச் சென்றோம். கால்கள் நடுங்கின. வேதவாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. “அந்த ஆறு மூட்டையும் நிறைந்துதான் இருந்தன, ஐயா. நான்தான் எண்ணினேன். அன்று சொல்லாதது என் தவறு” என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்தார். பின்னர், “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். மறு மாதச் சம்பளத்தில் ஆறு மூட்டைக்கும் பணம் சேர்க்கப்பட்டது. அம்மூதாட்டி எண்ணி வாங்கிக்கொண்டு போனார், ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கைதட்டவுமில்லை. எல்லா மேலதிகாரிகளும் அவ்வாறு விடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை; வேலை போயிருக்கவும் கூடும். போகாது என்று தெரிந்து சென்றிருந்தால் அதிற் பெருமையும் இல்லை.

இதனைப் பெருஞ்செயலாக எண்ணிச் சொல்கிறோமல்லோம். சொல்வதற்குக் காரணம் வேறு. அத்தியட்சர் வில்சன் வதைபட்ட அதே 1943 அக்டோபரிலேதான் சயாம்–பர்மா இரயில் பாதை இணைக்கப்பட்டு முடிவுற்றது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர், மீளாதார் பல்லாயிரவர். ஆள் கேட்டு வந்தபொழுது தோட்டங்களிற் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்தோருள் கிராணிமாரும் இருந்தனர் என்று முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அக்காலத்து அச்சம் எத்தகையதென்று அறியாத நாம் அவர்களைக் குறை கூற உரிமையற்றவர். ஆனால், ஒன்று மட்டும் தெரிகின்றது. அன்று எழுத மறுத்தவர் எவரேனும் இருந்தால், அவர் முதன்முதலாக அன்றுதான் உண்மை பேசியிருப்பார் என்று நாம் நம்பவில்லை. ஆறு மூட்டையில் உண்மை சொல்லிப் பழகாத பேனா ஆறு உயிர்களின் காரியத்தில் திடீரென்று உண்மை சொல்லிவிடாது.

இன்று செடெனாக் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்திருக்கிறது. செம்பனையை யடுத்துத் தரவு மையங்கள் எழுகின்றன. செக்ரோல் புத்தகத்தின் இடத்திற் கணினி வந்துவிட்டது. முன்பு ஓர் எண்ணை மாற்றினால் அழித்த தடமாவது தாளில் இருக்கும். இன்று கண்ணுக்கு அதுவும் தெரிவதில்லை. சன்னலருகே வந்து நிற்போரின் மொழி மட்டும் சில இடங்களில் மாறியிருக்கிறது. இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கின்றனர். அவர்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை.

அடுத்த எழுப்புதல் கூட்டத்தில், உயிர் கொடுப்பவர் யார் என்று பிரசங்கியார் கேட்கும்பொழுது, கையுயர்த்தப் போகும் இளைஞருக்கு நாம் சொல்ல விரும்புவது இது: கையைச் சற்றே தாழ்த்திக்கொள்ளுங்கள். உயிரை அவர் இன்று கேட்கவில்லை. நாளைக் காலையில் உங்களை ஒருவர் ஒரு கேள்வி கேட்பார், அவர் ஏழையாயிருப்பார், பக்கத்தில் உங்கள் மேலதிகாரி இருப்பார். அதற்கு என்ன விடை சொல்லப் போகிறீர்கள் என்று இன்றிரவே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.